ஒரே லென்ஸ்: ஒரு கற்பியல் ஆய்வு

கேமரா வாங்கிய குடும்பஸ்தன் எவனும் வருஷம் திரும்புவதற்குள் இன்னொரு லென்ஸின் மேல் மையல் கொள்வான் என்பது ஊரறிந்த சேதி. தமிழ் ஆய்வுலகம் மட்டும் இதை இன்னும் கண்டுகொள்ளவில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியல் இருக்கிறது, கற்பியல் இருக்கிறது, லென்ஸியல் இல்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. கையில் இருப்பது சொற்பக் காசு. வாங்கப்போவது ஜூம் இல்லாத ஒற்றை பிரைம் லென்ஸ். அதையே நாள்தோறும் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். எதை வாங்குவது?

அகத்திணை மரபுப்படி இதில் வரும் எவருக்கும் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, நற்றாய், பாங்கன் என்றே வழங்கப்படுவர். மரபு ஒரு காரணம். படத்தில் பாதி முகமாக விழுந்தவர்களின் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது மற்றொன்று.

தலைவனிடம் இருப்பது கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்றதொரு கிராப் சென்சார் (பழைய ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர். கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். பகலில் கிட் லென்ஸை ஒரு குறை சொல்ல முடியாது. விளக்கு வைத்த பிறகுதான் வண்டவாளம் தெரியும். 50 மி.மீ. பக்கம் திருகினால் அதன் அபர்ச்சர் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 பிரைம் அதே இடத்தில் ஏறக்குறையப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/10 நொடியில் ஆவியைப் போலப் பதிந்த குழந்தை, 1/100 நொடியில் குழந்தையாகவே பதியும். (1/100 உத்தமம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு நூறு முறை மினுக்கும். ஷட்டரும் அதே கணக்கில் இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக விழாது.) ஜூம் வசதியை விட்டுக்கொடுத்து வெளிச்சத்தை வாங்கிக்கொள்வதே பிரைம் வாங்குவதன் தத்துவம். கிட்டத்தில் வேண்டுமானால் கிட்டே நட, எட்ட வேண்டுமானால் பின்னால் போ.

பின்னால் போக இடம் இருக்கிறதா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இந்நிலையில் பாங்கன் தோன்றுகிறான். "மச்சான், யோசிக்காத. கண்ண மூடிக்கிட்டு ஃபிஃப்டி வாங்கு" என்பது பாங்கன் கூற்று. அவன் பக்கம் வரலாறு பலமாகவே நிற்கிறது. 1896-ல் ஸைஸ் நிறுவனத்துக்காக பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானார் லென்ஸின் வாரிசுதான் இன்றைய 50. 1925-ல் சந்தைக்கு வந்த லைக்காவிலும் 50 மி.மீ. லென்ஸ்தான் இருந்தது. புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரசோன் வாழ்நாளின் பெரும்பகுதியை அதை வைத்தே ஓட்டினார். (அவர் தெருவில் நின்று எடுத்தார் என்பதை இங்கேயே குறித்துவைக்கிறோம். பின்னால் உதவும்.) கேனானின் 50 எஃப்/1.8 1987-ல் வந்தது. 1990-ல் உலோக மவுண்டைக் கழற்றி எறிந்து பிளாஸ்டிக்கை மாட்டிக்கொண்டு 130 கிராமுக்கு இளைத்தது. 2015-ல் எஸ்டிஎம் என மறுபிறவி எடுத்தபோது உலோக மவுண்ட் திரும்ப வந்து சேர்ந்தது. விலை அன்றும் இன்றும் ஏழைக்கு எட்டும் விலை.

அஃதேல், 50 மட்டும் மலிவாயினமை என்னை எனின், கூறுதும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் விட வேண்டும். லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து சென்சார் வரை கேனானில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. 50 அதைவிடச் சற்றே அதிகம் என்பதால் ஆறு கண்ணாடிச் சில்லுகளை முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒத்த வரிசையில் அடுக்கினாலே வேலை முடிந்துவிடும். 35, 24 என்று இறங்கினால் பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளி விழவைக்க வேண்டும். அதற்குக் கூடுதல் கண்ணாடி, இல்லையேல் சுருங்கிய அபர்ச்சர். நிக்கான் 2009-ல் கொண்டுவந்த 35 எஃப்/1.8 டிஎக்ஸில் எட்டுச் சில்லு. கேனானின் 24 மி.மீ. பான்கேக் (2014) ஆறோடு நிறுத்திக்கொண்டது, ஆனால் எஃப்/2.8-ஓடும் நிறுத்திக்கொண்டது. மிரர்லெஸ் வந்து அந்த ஆடும் கண்ணாடியே ஒழிந்த பிறகும் 2020-ல் கேனான் புது மவுண்டுக்கு ஒரு 50 எஃப்/1.8 வெளியிட்டது. பழக்கம் அப்படி.

ஆக, 50-இன் மலிவுக்கும் தலைவன் வீட்டு ஹாலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பாங்கன் படிக்காமல் விட்ட பாடம் இது.

இனி ஆய்வின் நடுப்பகுதி. கருவி: தையல்காரர் இஞ்ச் டேப். களம்: பத்துக்குப் பத்து ஹால். ஒரு சுவரோரம் மூன்று பேர் உட்காரும் ஆறடி சோபா. அதில் இடமிருந்து வலமாகத் தலைவி, தோழி, நற்றாய். நற்றாய் என்பவர் தலைவனுக்கு மாமியார் முறை என்பதை இலக்கணம் அறிந்தோர் அறிவர். தலைவன் எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றாலும் கேமராவுக்கும் முகங்களுக்கும் இடையே எட்டடி தேறினால் அதிகம்.

கேனான் கிராப் சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. அதில் 50-ஐ மாட்டினால் எட்டடித் தூரத்தில் மூன்றரை அடி அகலமே படத்தில் அடங்கும். தலைவி முழுதாக விழுவாள், தோழி முக்கால்வாசி விழுவாள், நற்றாய் படத்திலேயே இல்லை. மூவரையும் சோபாவோடு அடக்கப் பதின்மூன்றரை அடி வேண்டும். அதற்குத் தலைவன் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து ஃபிளாட்காரரின் சமையலறையில் போய் நிற்க வேண்டும். நிக்கானில் 35 மாட்டினால் ஐந்தடி நான்கு அங்குலம் கிடைக்கும். மூன்று முகமும் விழும், சோபாவின் கைப்பிடிகள்தான் போகும். யாரும் கைப்பிடிக்காகச் சண்டைக்கு வருவதில்லை. கேனானில் 24 மாட்டினால் ஏழடிக்கு மேல் விழும், ஓரத்து ஸ்டூலில் வைத்த காபி டம்ளர் உட்பட.

காரணம் எளிது. பழைய ஃபிலிம் அளவான 36×24 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் மூலைவிட்டம் 43 மி.மீ. அதை ஒட்டிய குவியத் தூரம் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் என்பது மரபு. அங்கே 50 நடுநிலை லென்ஸ். கேனான் கிராப் சென்சாரில் அதே 50 ஏறக்குறைய 80 போல வேலை செய்யும். கார்த்தியே-பிரசோன் பயன்படுத்திய 50-உம் பாங்கன் சிபாரிசு செய்யும் 50-உம் பெயரளவில்தான் உறவு.

சாப்பாட்டு மேசையிலும் சோதித்தாயிற்று. உட்கார்ந்தபடி அரை மீட்டர் தூரத்தில் இருக்கும் தட்டை 50-ஆல் எடுத்தால் ஒரு சாண் அகலம்தான் விழும். இட்லி வரும், சாம்பார்க் கிண்ணம் வராது. எழுந்து நாற்காலியைத் தள்ளி நின்றால் வரும், அதற்குள் ஆறிவிடும். இதனால் 50-ஐப் புறத்திணை லென்ஸ் என வகைப்படுத்துகிறோம். மொட்டைமாடி, கோயில் பிராகாரம், கல்யாண மண்டபத்து மேடை என வெளியே கூட்டிப்போனால் பொன்னாய்ப் பூவாய் எடுத்துத் தரும்.

அற்றேல், பின்னணி கரைந்துபோகும் அந்த பொக்கே அழகு 35-இல் வருமோ எனின், 50 அளவுக்கு வாராது. ஆயினும் அழகுக்கும் அளவு உண்டு. ஒரு மீட்டர் தூரத்தில் 50-ஐ எஃப்/1.8-இல் திறந்து வைத்தால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் இரண்டே முக்கால் சென்டிமீட்டருக்குள்தான். தலைவியின் மூக்குத்தியில் ஃபோகஸ் விழுந்தால் கல்லில் உள்ள பட்டை வரை தெரியும். காதில் ஆடும் ஜிமிக்கி வெறும் மஞ்சள் உருண்டை. ஜிமிக்கிதான் புதுசு என்றால் அன்றிரவு ஊடல் நிச்சயம்.

பட்ஜெட் பார்ப்பவன் சறுக்கும் இடம் வேறொன்று இருக்கிறது. நிக்கானின் பழைய 50 எஃப்/1.8டி செகண்ட் ஹேண்டில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். அதற்குள் மோட்டார் கிடையாது, பாடியில் இருக்கும் மோட்டார்தான் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசை பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. ஆட்டோஃபோகஸ் ஓடாது. குழந்தை ஓடும். சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 வாங்கி அடாப்டர் போட்டுச் சுழல் பொக்கே எடுப்போரும் உண்டு. அது தவம். இல்லறத்தோடு ஒத்துவராது.

ஒரு லென்ஸோடு காலம் தள்ளுவதைக் கற்பென்றும், வீட்டுக்குத் தெரியாமல் இரண்டாவதை வாங்கிப் பழைய பையில் ஒளித்து வைப்பதைக் களவென்றும் வகுக்கலாம். களவு வெளிப்பட அதிக நாள் ஆகாது. வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸே அலர்.

வாங்குமுன் கையில் உள்ள கிட் லென்ஸையே விசாரித்துவிடலாம். ஜூம் வளையத்தை 35-இல் நிறுத்தி ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டி ஒரு வாரம் அப்படியே எடுங்கள். அடுத்த வாரம் 24, அதற்கடுத்து 50. எந்த வாரம் டேப்பைப் பிய்க்கத் தோன்றவில்லையோ அதுவே உங்கள் லென்ஸ். பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து எந்த மி.மீ.யில் எடுத்தது என்று பார்த்தாலும் தெரிந்துவிடும். பலருக்கு 18-உம் 55-உம்தான் வரும், நடுவில் ஒன்றுமே இராது. அவர்கள் பிரைம் வாங்குவதைச் சற்று ஒத்திப்போடலாம்.

தீர்ப்பு வருமாறு. நிக்கான் கிராப் பாடிக்கு 35 எஃப்/1.8, மறுபேச்சில்லை. கேனான் கிராப் பாடியில் வீட்டு மனிதர்களே அதிகம் என்றால் 24 எஃப்/2.8. கிட் லென்ஸைவிட வெளிச்சத்தில் இரண்டு மடங்குதான் லாபம், ஆனால் 125 கிராம், சட்டைப் பையில் அடங்கும். இருட்டு வீடு என்றால் யோங்னுவோ 35 எஃப்/2-ஐப் பார்க்கலாம். ஃபுல் ஃபிரேம் வைத்திருக்கும் புண்ணியவான்களுக்குப் பாங்கன் சொன்னதே சரி.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே நூல் நூலாக ஃபங்கஸ் ஓடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். புதிதாக வாங்கினால் கடைக்காரர் யுவி ஃபில்டர் ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்துக்குக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுக்க லென்ஸ் அதற்குள்தான் இருக்க வேண்டும்.