மார்கழியில் மண்டபம் காலி

எங்கள் ஊர் பிலிம் சொசைட்டி எப்போது படம் போடலாம் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். காரணம் பக்தி இல்லை, வாடகை. எங்களுக்கென்று தியேட்டர் கிடையாது. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மாலை தோரணம் கட்டும் கொக்கிகளில் வெள்ளைத் துணியை மாட்டிப் படம் போடுகிறோம். தை பிறந்துவிட்டால் அந்தக் கூடத்தின் வாடகையை விசாரிக்கவே எங்கள் பொருளாளருக்குத் தைரியம் வராது. மார்கழியில் ஊரில் ஒருவரும் தாலி கட்டுவதில்லை. மண்டபம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். ஒரு சாயங்காலத்துக்கு 500 ரூபாய், கரண்ட் தனி, மண்டபத்துச் சமையல்காரர் போடும் போண்டாவும் டீயும் தனி. ஆகவே சென்னைக்கு மார்கழி கச்சேரி சீசன் என்றால் எங்களுக்கு அது சினிமா சீசன்.

போன வருஷச் செயற்குழுவில் “இந்த சீசனுக்குப் பழைய பேய்ப்படங்களாகப் போடுவோம்” என்றேன். செயலாளர் என்ற முறையில் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நாற்காலி அடுக்குபவனும் நான்தான்.

தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பெற்றோரை அழைத்து வரச் சொல்லப்போகிறார் என்று இன்றைக்கும் பயமாக இருக்கும்.

“காலையில திருப்பாவை, சாயங்காலம் டிராகுலாவா?”

அவருடைய கட்சி டாக்குமென்டரி. உலகத்தில் உண்மை என்று ஒன்று இருக்கும்போது கற்பனையைப் பார்க்க எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு மணி நேரம் பேசி உடன்பாட்டுக்கு வந்தோம். வாரம் ஒரு பேய், ஒரு டாக்குமென்டரி. டாக்குமென்டரி முதலில். பாவம் செய்வதற்கு முன்பே பரிகாரத்தை முடித்துவிடுவது.

எனக்கு இது சிறுவயதுத் தண்டனை திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் தியேட்டரில் எந்தப் படத்துக்குப் போனாலும் பிலிம்ஸ் டிவிஷனின் நியூஸ் ரீலோ டாக்குமென்டரியோ ஓடிய பிறகுதான் படம். 1948-ல் ஆரம்பித்த அந்த நிறுவனம் எடுத்ததைத் தியேட்டர்கள் காட்டியே தீர வேண்டும் என்பது சட்டம். பார்த்தே தீர வேண்டும் என்று சட்டம் இல்லாததால் ஆண்கள் பீடிக்கும் பிள்ளைகள் கடலைமிட்டாய்க்கும் வெளியே போய்விடுவார்கள். பீகார் வெள்ளத்தையும் வீரிய ரகக் கோதுமையையும் தனியாக உட்கார்ந்து பார்த்தவன் நான். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

அடுத்த தடை பொருளாளர். அவர் பத்திர எழுத்தர். உரிமை என்ற சொல்லைக் கேட்டாலே பேனாவை எடுத்துவிடுவார். நம் நாட்டுச் சட்டப்படி ஒரு படம் வெளிவந்து 60 வருஷம் முடிந்தால் பதிப்புரிமை தீர்ந்துவிடும். “அறுபது முடிஞ்ச பேயா மட்டும் பாருங்க” என்று சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கும் ஓய்வு வயது 60. பேய்க்கும் அதே விதி என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பென்ஷன் இல்லை, அவ்வளவுதான்.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960-ல் வந்தது, வயது சரியாக இருந்தது. ஆனால் அதன் உயிரே குளியலறைக் காட்சி. திரையில் முக்கால் நிமிடம் வரும் அந்தக் குளியலை எடுக்க ஒரு வாரம் ஆனது, அதில் ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப், கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை என்றெல்லாம் விளக்கினேன். தலைவர் அசையவில்லை. “மார்கழி நீராடல் நம்ம மரபுதானே சார்” என்றேன். கண்ணாடி மறுபடி கழன்றது. ‘சைக்கோ’ பட்டியலிலிருந்து நீங்கியது.

முதல் சனிக்கிழமை 1922-ஆம் வருஷத்து ஜோடி. பரிகாரத்துக்கு ஃப்ளாஹர்ட்டியின் ‘நானூக் ஆஃப் தி நார்த்’, பாவத்துக்கு முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’.

நானூக் வட கனடாவின் பனியில் வேட்டையாடுகிறார், பனிக்கட்டியை அறுத்து அடுக்கி வீடு கட்டுகிறார், குடும்பத்தோடு அதற்குள் தூங்குகிறார். தலைவர் எழுந்து நின்று, உழைப்பைப் பற்றிச் சிறு உரை ஆற்றினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாததால் பாதியை வெட்டித் திறந்துவிட்டுத்தான் படம் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டேன். அவருடைய உண்மையான பெயர் நானூக் இல்லை என்றும், மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

தலைவர் உட்கார்ந்துவிட்டார். “சம்சாரமே இல்லையா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

‘நோஸ்ஃபெராட்டு’ ஊமைப்படம். பின்னணி இசைக்காக வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் முதல் பத்து நிமிடத்தில் இருமி அடங்கியது. அந்த நேரம் பார்த்து அடுத்த தெருக் கோயிலில் மார்கழித் திருவிழா. கப்பலின் அடித்தளத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஓர்லாக் பிரபு முழங்கால் மடக்காமல் பலகைபோல் எழுந்து நிற்கும் காட்சி வருகிறது. கோயிலில் நாதஸ்வரம் மல்லாரியைத் தொடங்குகிறது. சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது மல்லாரி. படத்தோடு அப்படிப் பொருந்திப்போனது. மூன்றாவது வரிசை மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயிலுக்காகத்தான் என்று அப்புறம் சொன்னார்.

பயம் மட்டும் யாருக்கும் வரவில்லை. நடித்தவர் பெயர் மாக்ஸ் ஷ்ரெக். ஷ்ரெக் என்றால் ஜெர்மன் மொழியில் திகில் என்றுதான் பொருள் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தேன். ஓர்லாக் ராத்திரியில் தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து வரும்போது கூடம் முழுக்க இரக்கப்பட்டது. “பாவம், தூக்கிட்டு வர ஒரு சொந்தக்காரன் இல்ல பாரு.” முடிவில் நாயகி ஊரைக் காப்பாற்றுவதற்காக, சேவல் கூவும்வரை அவனைத் தன் பக்கத்திலேயே இருத்திக்கொள்கிறாள்; வெயில் பட்டதும் அவன் புகையாகிப் போகிறான். மாமி இது நல்ல பத்தினிப் படம் என்று தீர்ப்பளித்தார். அடுத்த வாரம் பேத்தியையும் கூட்டி வருவதாகச் சொன்னார்.

இந்தப் படமே ஒரு தப்பிப் பிழைத்த பேய். பிராம் ஸ்டோக்கரின் நாவலை அனுமதி வாங்காமல் பெயர்களை மட்டும் மாற்றி எடுத்தார்கள். அவருடைய மனைவி வழக்குப் போட்டார், 1925-ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பானது. எங்கெங்கோ பதுங்கியிருந்த சில பிரதிகள்தான் இன்றைக்கு எங்கள் சாப்பாட்டுக் கூடம்வரை வந்திருக்கின்றன. இதைச் சொன்னபோது பொருளாளர் முகத்தில் அன்றைய முதல் திகிலைக் கண்டேன். “கோர்ட் ஆர்டர் இருக்கா? இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா?”

இரண்டாம் வாரம் ‘ஹெக்ஸன்’. டென்மார்க்காரர் கிறிஸ்டென்சன் ஸ்வீடன் பணத்தில் எடுத்த சூனியக்காரிகள் வரலாறு, இதுவும் 1922. டாக்குமென்டரியும் பேயும் ஒரே படத்தில் கிடைத்ததால் மாவட்டப் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய இலவச இணைப்பு மாதிரி சந்தோஷமாக இருந்தது. பழைய படங்களைக் குச்சியால் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்துவதுபோல் ஆரம்பிக்கும். தலைவர் சொக்கிப்போய்ப் பார்த்தார். பிறகு நாக்கைத் துழாவிக்கொண்டு சாத்தான் வந்து குதித்தான். அது டைரக்டரேதான் என்றேன். வாத்தியாரே சாத்தானாக வருவதைத் தலைவர் ரசிக்கவில்லை; முன்வரிசையில் இருந்த அவருடைய பழைய மாணவர்கள் ரொம்ப ரசித்தார்கள்.

மூன்றாம் வாரம் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. 1968-ல் ஜார்ஜ் ரொமீரோ எடுத்தது, இன்னும் 60 ஆகவில்லை. ஆனால் வெளியிடும் நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது உரிமைக் குறிப்பைப் போட மறந்துவிட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. ஒரு வரி விட்டுப்போனதில் ஒரு படமே புறம்போக்கு ஆன கதையைப் பொருளாளர் இன்றைக்கும் தன் கட்சிக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செத்தவர்கள் எழுந்து வந்து ஒரு பண்ணை வீட்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கதை அவ்வளவுதான். எங்கள் கூட்டம் தவித்துப்போனது.

“எதுக்கு சார் வருதுங்க?”

“சாப்பிட.”

“அது தெரியுது. யாரைப் பழி வாங்க?”

“யாரையும் இல்லை.”

“அந்த வீட்டுக்காரன் ஏதாவது துரோகம் பண்ணியிருப்பான், ஃபிளாஷ்பேக் வரும் பாருங்க.”

ஃபிளாஷ்பேக் வரவே இல்லை. நம் பேய்கள் இப்படிக் காரணமில்லாமல் வருவதில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருவதுபோல் ஒவ்வொன்றும் கையில் மனுவோடு வரும். யார் கெடுத்தது, எங்கே புதைத்தது, சாட்சி யார் என்று வரிசையாகச் சொல்லும். நடவடிக்கை எடுத்ததும் போய்விடும். இன்னும் பழைய தமிழ்ப் படங்களில் வெள்ளைப் புடவையோடு பி. சுசீலாவின் குரலில் பாடிக்கொண்டு போகும் உருவம் பேயே இல்லை. 1966-ல் வந்த ‘யார் நீ?’ படத்தில் கடைசியில் வெளிப்படுவது சொத்துத் தகராறு. பேயை நம்பாதவர்கள்கூட சொத்துத் தகராறை நம்புவார்கள். மனுவே இல்லாமல், வாயைத் திறந்தபடி, சும்மா நடந்துவரும் கூட்டத்தை என்ன செய்வது? அன்று ராத்திரி மண்டபத்திலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாகத் தனியாக சைக்கிளில் வந்தேன். எதிரே பனியில் மெதுவாக ஒரு கூட்டம். விடிகாலை பஜனைக்கு ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர்கள். என்னை விசாரிக்கத்தான் கையை நீட்டினார்கள். நான் நிற்கவில்லை. ஊரில் இன்னும் என்னோடு பேசாத இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்.

அந்த வாரத்து டாக்குமென்டரியைச் சொல்ல மறந்துவிட்டேன். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ராத்திரியில் கடிதம் கொண்டுபோகும் ரயிலைப் பற்றிய ‘நைட் மெயில்’, 1936. எங்கள் உறுப்பினர்களில் ரயில் அஞ்சல் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் உண்டு. ரயிலுக்குள் கடிதங்களைப் பிரித்துப் போடும் காட்சியில் முன்னால் சாய்ந்தார்.

“சார், இது ஓடற வண்டி இல்ல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“ஓடற வண்டியில நிக்கறவன் இப்படி ஆட மாட்டான். ஆடாம நிக்கத்தான் பார்ப்பான். 31 வருஷம் நின்னவன் நான்.”

அவர் சொன்னது சரி. பெட்டியின் உள்பக்கத்தை ஸ்டுடியோவில் செட் போட்டு, ஊழியர்களை ஆடச்சொல்லி எடுத்திருந்தார்கள். அன்றோடு டாக்குமென்டரிகளின் மானம் கப்பலேறியது. போண்டா நேரத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள்: பேயும் செட்டு, உண்மையும் செட்டு, 500 ரூபாய் வாடகை மட்டும் நிஜம். தலைவர் டீயைக் குடிக்காமலே போனார்.

அவருக்காகத்தான் நாலாவது வாரத்தை அப்படி அமைத்தேன். இரண்டு படமும் பிரெஞ்சுக்காரர் ழார்ழ் ஃப்ரான்ழு எடுத்தவை. 1960-ல் வந்த பேய்ப்படம் ‘முகமில்லாத கண்கள்’. அதற்கு முன்னால் அவருடைய 1949 டாக்குமென்டரி ‘மிருகங்களின் ரத்தம்’, 22 நிமிடம். செட் இல்லாத, நடிப்பு இல்லாத படம் என்று தலைவரிடம் உறுதி கொடுத்தேன்.

ஆரம்பத்தில் பாரிஸின் எல்லைப்புறம், பழைய சாமான் சந்தை, முத்தமிட்டுக்கொள்ளும் ஒரு ஜோடி. மாமி பேத்தியின் கண்ணைப் பொத்தினார். அந்தக் கையை அதற்குப் பிறகு எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. படம் பாரிஸின் கசாப்புக் கூடங்களைப் பற்றியது. ஒரு வெள்ளைக் குதிரையை அழைத்து வருகிறார்கள். அழகான குதிரை. நெற்றியில் ஒரு கருவியை வைக்கிறார்கள். நாலு காலும் ஒரே நேரத்தில் மடங்கி விழுகிறது. குளிரில் ரத்தத்திலிருந்து ஆவி எழுகிறது. ஒரு குரல் நிதானமாக, பூகோளப் பாடம் மாதிரி, வர்ணனை சொல்லிக்கொண்டே போகிறது. வேலையாட்கள் சிகரெட்டோடு தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.

போண்டாத் தட்டோடு வாசலில் நின்ற சமையல்காரர் கேட்டார்: “சார், இதுவும் செட்டுதானே?”

ஆர்.எம்.எஸ்.காரரைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர்லாக்குக்கு இரக்கப்பட்டவர்கள், செத்த பிணங்களிடம் மனு கேட்டவர்கள், 22 நிமிடம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். படம் முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதி இருந்தவர்களுக்கு ‘முகமில்லாத கண்கள்’ தாலாட்டுப் போல இருந்தது. விபத்தில் சிதைந்துபோன முகத்தை முகமூடியால் மறைத்துக்கொண்டு மகள் நடமாடுகிறாள். அவளுக்காக டாக்டர் அப்பா வேறு பெண்களின் முகத்தோலை உரிக்கிறார். “டாக்டர் பொய்தானே?” என்று ஒருவர் நிம்மதியாகக் கேட்டார். தலைவர் மட்டும் இரண்டாவது படம் முடியும்வரை துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இனிமே பேயே போடுங்கோ” என்றார். போண்டா அப்படியே மிஞ்சியது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மண்டபத்து உரிமையாளர் போன் செய்தார். அவருடையது சுத்த சைவ மண்டபம். வாசலில் கொட்டை எழுத்தில் போர்டு இருக்கிறது. மார்கழி சனிக்கிழமையில் சாப்பாட்டுக் கூடத்தில் மாடு, கன்று, ஆடு, குதிரை என்று இத்தனை அறுத்ததாக சமையல்காரர் அழுதுகொண்டு சொன்னாராம்.

“போர்டுல அசைவம் சமைக்கவோ பரிமாறவோ கூடாதுன்னுதானே சார் போட்டிருக்கு” என்றேன். பத்திர எழுத்தரோடு பழகிய தோஷம்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு போனை வைத்துவிட்டார்.

தை மாதம் அதே மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். போர்டில் புதுப் பெயின்ட் வாசனை. ‘அசைவம் சமைக்கவோ, பரிமாறவோ, திரையிடவோ கூடாது.’ பந்தியில் பக்கத்து இலைக்காரர், வெளியூர் ஆள், என்னிடம் கேட்டார்: “அது என்ன சார் திரையிடவோ? இந்த ஊர்ல அப்படியெல்லாமா பண்றாங்க?”

நான் பாயசத்துக்குக் கை காட்டினேன். பரிமாற வந்த சமையல்காரர் என்னைப் பார்த்தார். வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.