பஸ் துரை

பஸ்ஸில் ஏறுகிற யாரைக் கேட்டாலும் இறங்கவேண்டிய ஊரைச் சொல்வார். பஸ் துரையைக் கேட்டால் வண்டி நம்பரைச் சொல்வார். ஊரெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். வண்டி எங்கே போனாலும் சம்மதம். போய்விட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் இன்னும் விசேஷம்.

இங்கிலாந்தில் குளிர் விட்டதும் சனி, ஞாயிறுகளில் எங்காவது ஓர் ஊரில் பழைய பஸ் திருவிழா நடந்துகொண்டே இருக்கும். சர்வீஸிலிருந்து ஓய்வு பெற்று நாற்பது, ஐம்பது வருஷமான வண்டிகளைத் துடைத்து, பாலிஷ் போட்டு, பழைய ரூட்டிலோ ஏதோ ஒரு ரூட்டிலோ ஓட்டிக் காட்டுவார்கள். ரன்னிங் டே என்று பெயர். நம் துரை அங்கே ஆஜர். வயது அறுபதுக்கு மேல். வெயிலடித்தாலும் கழற்றாத மழைக்கோட்டு. அதன் பைகளில் முட்டை சாண்ட்விச், நோட்டுப் புத்தகம், மூன்று நிறத்தில் பேனா, ஒன்று எழுதாவிட்டால் இருக்கட்டும் என்று ஒரு பென்சில். கழுத்தில் காமெரா. சீமைத்துரைக்குரிய மிடுக்கு, சுருட்டு, நாய் எதையும் எதிர்பார்க்காதீர்கள். முந்தாநாள்வரை ஏதாவது ஓர் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவராக இருப்பார்.

ஆனால் இதைக் கவனியுங்கள்: பஸ் திருவிழாவுக்கு அவர் வந்தது காரில். தன் வீட்டு வாசலில் ஓடுகிற பஸ்ஸில் அவர் ஏறி எத்தனையோ காலமாயிற்று. அது இன்னும் புதுசு. பழசாகட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆள் எப்படி உருவானார் என்றால் சின்ன வயசில் யாரோ மாமா ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்ததுதான் வினை. 1942இல் ஐயன் ஆலன் என்பவர் ரயில் இன்ஜின் நம்பர்களை மட்டும் வரிசையாக அச்சடித்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அது அமோகமாக விற்றது. பிறகு பஸ்களுக்கும் வந்தது. கதை இல்லை, கட்டுரை இல்லை, பெரும்பாலும் நம்பர்கள். கண்ணால் பார்த்த வண்டியின் நம்பருக்குக் கீழே கோடு போடவேண்டும். இதற்காகவே தெருமுனையில் நாள் முழுக்க நின்ற பையன்கள் ஏராளம். மற்ற பையன்களுக்குப் பிறகு மீசை முளைத்தது, காதல் வந்தது, புத்தகம் பரணுக்குப் போயிற்று. நம்மவருக்கும் மீசை முளைத்தது.

அவரிடம் பேச்சுக் கொடுப்பது சுலபம். நிறுத்துவதுதான் கஷ்டம். ஏதோ மரியாதைக்கு, பழைய லண்டன் மாடி பஸ் ஒன்றைக் காட்டி, “அழகான ரூட்மாஸ்டர்” என்று சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தது. முகத்தில் ஒரு நோவு படரும். “இது ரூட்மாஸ்டர் இல்லை. ஆர்டி.” முன்னால் ரேடியேட்டர் நெடுக்காக வெளியே தெரிந்தால் அது ஆர்டி வகை, கிரில் போட்டு மூடியிருந்தால் ரூட்மாஸ்டர். சரி, தெரிந்துகொண்டோம் என்று நகர்ந்தால் விடமாட்டார். ஏஇசி கம்பெனி செய்தது ஆர்டி, லேலண்ட் செய்தது ஆர்டிஎல், லேலண்டே ஆறு அங்குலம் அகலமாகச் செய்தது ஆர்டிடபிள்யூ. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 7,000 வண்டி. மூன்றும் பெரும்பாலும் சிவப்பு. மூன்றுக்கும் மாடி. மனைவியின் சேலைக்கும் — இல்லை, அந்த ஊரில் கவுனுக்கும் — திரைச்சீலைக்கும் வித்தியாசம் கவனிக்காத இந்த மனிதர், ஆறு அங்குலத்தைத் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். கிளிஃப் ரிச்சர்ட் நடித்த ‘சம்மர் ஹாலிடே’ (1963) படத்தில் பையன்கள் ஐரோப்பா முழுக்க ஓட்டிக்கொண்டு போவது ரூட்மாஸ்டர் என்றுதான் பாதி உலகம் நினைக்கிறது. அது ஆர்டி. பாதி உலகத்தையும் தனித்தனியாகச் சந்தித்துத் திருத்த ஓர் ஆயுள் போதாதே என்ற வருத்தம் துரைக்கு உண்டு.

போட்டோ எடுப்பது தனி வைபவம். பஸ் என்பது ஆட்களை ஏற்றிச் செல்வதற்காக மனிதன் கண்டுபிடித்த சாதனம் என்றுதானே நாம் படித்திருக்கிறோம்? துரையின் படத்தில் ஆள் வரக்கூடாது. ஒரு குழந்தை ஐஸ்கிரீமோடு வண்டிக்கு முன்னால் வந்து நின்றால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார்; இங்கிலாந்தில் பிறந்தவர். காமெராவை இறக்கிவிட்டு வானத்தைப் பார்ப்பார். அதில் தெரிகிற கோபத்தை நம் ஊரில் கெட்ட வார்த்தை இல்லாமல் காட்ட முடியாது. குழந்தை நகர்ந்ததும் மேகம் வந்து வெயிலை மறைக்கும். மேகம் போனதும் இன்னொரு துரை வந்து குறுக்கே நிற்பார்.

இந்தக் கூட்டத்திலேயே கொஞ்சம் மேல்தட்டு ஆசாமி கண்டக்டர் துரை. உண்மையில் ரிடையரான பல் டாக்டராகவோ வங்கி அதிகாரியாகவோ இருப்பார். அன்றைக்கு மட்டும் பழைய லண்டன் டிரான்ஸ்போர்ட் யூனிபாரம், தொப்பி, பித்தளை பேட்ஜ், இடுப்புயரத்தில் தொங்கும் கிப்சன் மெஷின். 1953இல் வந்து 1993வரை லண்டன் கண்டக்டர்களின் தோளை இழுத்துக்கொண்டிருந்த மெஷின் அது. ஸ்டேஜையும் கட்டணத்தையும் திருகி வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் கிர்ரென்று டிக்கெட் வெளியே வரும். பயணம் இலவசமாக இருந்தாலும் டிக்கெட் வாங்காமல் நீங்கள் உட்கார முடியாது. ஊதியம் வாங்கிய கண்டக்டர்கள்கூட இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்கமாட்டார்கள். மணிக்கயிற்றை ஒரு தரம் இழுத்தால் நில், இரண்டு தரம் போ, மூன்று தரம் வண்டி நிறைந்துவிட்டது, வழியில் நிற்காதே. நீங்கள் ஆசைக்கு ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டால் அன்றைக்கு உங்களுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

துரைக்கு ஆகாத ஒரே ஆள் இன்னொரு துரை. எல்லாச் சண்டையும் கடைசியில் போய் முடிகிற இடம் ஆல்டன்ஹாம். லண்டனுக்கு வடக்கே இருந்த மாபெரும் பஸ் பட்டறை, 1986இல் மூடிவிட்டார்கள். லண்டன் பஸ்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய் மேல்கூட்டைக் கழற்றி, அடிச்சட்டத்தைக் கழற்றி, முழுசாகப் புதுப்பிக்கப்பட்டு வரவேண்டும். அடிப்பாகம் சீக்கிரம் தயாராகிவிடும், மேல்பாகத்துக்கு நாளாகும். அதற்காக அடி காத்திருக்குமா? தயாராக இருக்கிற வேறு மேல்பாகத்தைத் தூக்கி அதன்மேல் வைத்துவிடுவார்கள். அதோடு விட்டார்களா? நம்பரைச் சும்மா வைத்திருந்தால் கட்டின ரோடு வரி வீணாகுமே! ஒரு வண்டி உள்ளே போனதும் அதன் நம்பரைக் கழற்றி, புதுப்பித்து முடித்துத் தயாராக நிற்கிற இன்னொரு வண்டிக்கு மாட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆக, காலையில் உள்ளே போன 1234ஆம் நம்பர் வண்டியும் பிறகு வெளியே வந்த 1234ஆம் நம்பர் வண்டியும் ஒன்றையொன்று பார்த்ததுகூடக் கிடையாது. ரூட்மாஸ்டர்களுக்கும் இதே கதிதான்.

இது கணக்குப் பார்த்துச் செய்த வேலை, புத்திசாலித்தனமான வேலை. ஆனால் துரையின் நிலைமையை யோசியுங்கள். பத்து வயதில் பள்ளிக்கூடம் போன அதே பஸ் என்று சொல்லி, பென்ஷன் பணத்தில் பாதியைக் கொட்டி வாங்கியிருக்கிறார். கண் கலங்கக் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் இன்னொரு துரை வந்து, மூன்று நிறப் பேனாவில் ஒன்றைத் திறந்து, மிகுந்த பணிவோடு சொல்லுவார்: “நம்பர் மட்டும்தான் அது. பாடி வேறொரு வண்டியுடையது. நீங்கள் தேடுகிற பாடி எழுபதுகளிலேயே உடைக்கப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.” இதற்குமேல் நட்பு நிலைக்குமா? அடுத்த வருஷத் திருவிழாவில் இருவரும் மைதானத்தின் இரண்டு மூலையில் தெர்மாஸைத் திறந்துகொண்டிருப்பார்கள்.

துரைமார் உலகத்தின் காசி, ராமேஸ்வரம் எல்லாம் சேர்ந்த ஒரு ஸ்தலம் உண்டு. வில்ட்ஷயரில் சாலிஸ்பரி சமவெளிக்கு நடுவில் இம்பர் என்று ஒரு கிராமம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் துருப்புகள் பயிற்சி எடுக்க இடம் வேண்டும் என்று 1943 நவம்பரில் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு 47 நாள் கெடு கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊர் காலி. போர் முடிந்தது, மறுபடி குடியேற விடவில்லை. இன்றைக்கும் அது ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சி நிலம். செயின்ட் கைல்ஸ் தேவாலயம் மட்டும் உருப்படியாக நிற்கிறது. பாதையை விட்டு இறங்கினால் வெடிக்காத குண்டு இருக்கும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊருக்கு 2009ஆம் வருஷம் நாலு நண்பர்கள் சேர்ந்து பஸ் விட்டார்கள். அவர்களில் ஒருவர் பீட்டர் ஹெண்டி. விளையாட்டுப் பேர்வழி என்று நினைக்கவேண்டாம். 2006 முதல் 2015 வரை லண்டன் மாநகரப் போக்குவரத்து முழுவதற்கும் கமிஷனர். வாரம் பூராவும் லண்டனுக்குப் பஸ் விட்டு அலுக்காமல், சனிக்கிழமை தன் சொந்த ரூட்மாஸ்டரை எடுத்துக்கொண்டு ஆளில்லாத ஊருக்கு ஓட்டப் போனவர். பதவி வேறு, பித்து வேறு என்று யார் சொன்னது?

இப்போது ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வந்தால் வார்மின்ஸ்டர் ரயில் நிலைய வாசலில் 23ஏ என்று போர்டு போட்ட சிவப்பு வண்டிகள் வரிசையாக நிற்கும். ஏறக்குறைய கால் மணிக்கு ஒன்று. இம்பர் போதாதென்று சமவெளிக்குள் நியூசிலாந்து பண்ணை முகாம், பிரேசன் பாட்டம் என்றெல்லாம் ஸ்டாப் உண்டு. இறங்கினால் புல் இருக்கும், காற்று இருக்கும். அடுத்த பஸ் வரும்வரை துரை அங்கே நின்று, தான் வந்த பஸ் போவதைப் படமெடுப்பார். வசூல் தர்ம காரியங்களுக்கும் அந்தத் தேவாலயத்துக்கும் போகிறது. நல்ல விஷயம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது: அதே இங்கிலாந்தில் மருந்து வாங்க டவுனுக்குப் போகவேண்டிய கிழவிகள் குடியிருக்கிற எத்தனையோ கிராமங்களில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஜனங்களே இல்லாத ஊருக்குக் கால் மணிக்கு ஒரு பஸ். கிழவிகள் கொஞ்சம் யோசித்து, ஊரைக் காலி செய்து பார்க்கலாம்.

வீட்டு விவகாரத்தையும் சொல்லவேண்டும். துரைசானி கல்யாணத்தின்போது, இவருக்குக் குடியில்லை, சீட்டில்லை, பெண்கள் விஷயத்தில் தங்கம் என்று கேட்டு மகிழ்ந்திருப்பார். பஸ் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. முதலில் பொம்மை பஸ் வந்தது, 76இல் ஒரு பங்கு அளவில். பிறகு பஸ் ஸ்டாப் பலகை வந்து மாடிப்படியில் உட்கார்ந்தது. ஊர்ப்பெயர் அச்சடித்த நீளத் துணிச்சுருள் சாப்பாட்டு மேஜையில் விரிந்தது. கடைசியில் ஒருநாள் நிஜமான பஸ். உயரம் 14 அடிக்கு மேல். வீட்டுக்குள் வராது என்பது ஒன்றே துரைசானிக்கு ஆறுதல். ஏதோ பண்ணைக் கொட்டகையில் வாடகைக்கு நிறுத்திவைத்து, ஞாயிறுதோறும் போய் அதற்கடியில் படுத்துக்கொள்வார். இரண்டாவது பஸ் வாங்கும்போது, “இது பஸ் இல்லை, ஸ்பேர் பார்ட்” என்று விளக்கம் கொடுத்தார். துரைசானி இப்போது கொட்டகைக்கு வந்து இருக்கைகளுக்கு உறை தைத்துக் கொடுக்கிறார். சில வீடுகளில் அவரும் கிப்சன் மெஷினை மாட்டிக்கொண்டு கண்டக்டராகிவிட்டதாகக் கேள்வி.

2005 டிசம்பர் 9ஆம் தேதி, 159ஆம் நம்பர் ரூட்டில் கடைசி ரூட்மாஸ்டர் ஓடியபோது பெரிய மனிதர் சாவு ஊர்வலம்போல வழியெல்லாம் கூட்டம். வண்டி பிரிக்ஸ்டன் டிப்போவுக்குப் போய்ச் சேரமுடியாமல் திணறியது. அன்றைக்கு டிக்கெட் எடுத்து உள்ளே உட்கார்ந்தவர்களைவிட நடைபாதையில் காமெராவோடு ஓடினவர்கள் அதிகம். எல்லாரும் வேலை நாட்களில் அந்த வண்டியில் ஏறியிருந்தால் அதை நிறுத்தியிருக்கவே மாட்டார்கள் என்று ஒருவர் எழுதினால் துரைமார் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே நான் எழுதவில்லை.

நம்மவர்களுக்கும் துரைக்கும் முடிச்சு விழுகிற இடம் ஒன்று உண்டு. லண்டனில் ஆடி ஓய்ந்த ஆர்டி, ஆர்டிஎல், ஆர்டிடபிள்யூ வண்டிகளை அறுபதுகளில் இலங்கைப் போக்குவரத்துச் சபை நூற்றுக்கணக்கில் வாங்கிக் கொழும்பில் ஓட்டியது. துரைக்கு இது மனசில் ஆறாத புண். அந்த வண்டிகளின் நம்பருக்கு நேரே அவர் நோட்டில் ‘சிலோன்’ என்று எழுதியிருக்கும். அதற்கப்புறம் தகவல் இல்லை. ஆகவே ஒரு ரன்னிங் டேயில், மகளோடும் பேரனோடும் சும்மா வேடிக்கை பார்க்க வந்த எண்பது வயதுத் தமிழ்ப் பெரியவர் ஒருவர் ஆர்டிஎல்லைத் தட்டிப் பார்த்து, “உதிலதான் நான் ஒவ்வொரு நாளும் வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போனனான்” என்று மகளிடம் சொல்ல, அவள் அதை இங்கிலீஷில் வாய்தவறிச் சொல்லிவிட்டதும் துரை நோட்டைத் திறந்துவிட்டார்.

“சார், எந்த வருஷம்?”

“அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது எண்டு சொல்லு பிள்ளை.”

“வண்டி நம்பர் ஞாபகம் இருக்கிறதா?”

“நம்பரோ? புட்போர்டில ஒரு கால் வைக்க இடம் கிடைச்சாப் போதும் எண்டு ஓடினனாங்கள். நம்பர் ஆர் பாத்தது?”

துரை விடவில்லை. இன்ஜின் சத்தம் எப்படி, ஜன்னல் கண்ணாடி இறங்குமா, மாடியில் ஒழுகுமா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒழுகியது என்று தெரிந்ததும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பேரன் ஐஸ்கிரீமுக்கு அழ ஆரம்பித்தான். பெரியவருக்கு இப்போது வேறொரு ஞாபகம் வந்துவிட்டது.

“ஒருநாள் அந்தக் கண்டக்டர் மிச்சக் காசு இருபத்தஞ்சு சதம் தரேல்லை. டிக்கெட்டுக்குப் பின்னால எழுதித் தந்தவன். இறங்கேக்க வாங்க மறந்துபோனன். அதையும் சொல்லு பிள்ளை.”

மகள் சொன்னாள். துரையின் பேனா நடுங்கியது. குரல் கம்மிப்போய், “அந்த டிக்கெட் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

பெரியவருக்கு இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

“இருந்தா மிச்சக் காசை வாங்கியிருப்பனே!”