கணிப்பயிலியர் வகையியல்

மாணாக்க, கேள். நன்னூலார் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டாக்கி, முதல், இடை, கடை என்னும் மூன்றனுள் அடக்கினார். இளநிலைக் கணினிப் பயன்பாடு என்னும் மூவாண்டுப் படிப்பு அவர் நாளில் இல்லாமையின், அதனைப் பயில்வோர் அவ்வெட்டனுள் அடங்கார். அவர்க்குக் கணிப்பயிலியர் எனப் பெயரிட்டு இந்நூல் செய்தாம்.

இவர் வாழிடம் பாலாற்றங்கரை. மேல்விசாரம் தொடங்கி வேலூர், ஆம்பூர் ஊடாக வாணியம்பாடி வரை காணப்படுவர். வாணியம்பாடிக் கல்லூரி 1919இலும், மேல்விசாரத்தது 1965இலும், ஆம்பூரது 1969இலும் தோன்றியவை. ஆயினும் கணிப்பயிலியர் இம்மூன்றிற்கும் பிற்பட்ட இனத்தவரே.

வகுக்கும் நெறியை நிலத்திலிருந்தே கொள்க. தோல் பதனிடும் இந்நிலத்தார் அதனைப் பச்சைத்தோல், ஈரநீலம், உலர்தோல், முடிதோல் என நான்காகப் பகுப்பர். குரோமிய உப்பில் ஊறி நீலம் ஏறியது ஈரநீலம். அதனை 'வெட்புளூ' என்பது தொழிற்கூட வழக்கு. படிப்பின் ஆறு பருவமும் இந்நான்கனுள் அடங்கும்.

1. பச்சையர். முதலிரு பருவத்தார், சீ மொழியைத் தாளில் எழுதிக் கற்போர். இவர் அரைப்புள்ளி மறப்போர், அரைப்புள்ளி மிகுப்போர் என இருவகையர். மறப்போர் இடர் பெரிது. புள்ளி விடுபட்டது ஒரு வரி. கணினி பிழை சுட்டுவதோ பெரும்பாலும் அடுத்த வரி. ஆதலின் பிழையற்ற வரியையே அழித்தழித்து எழுதுவர். மிகுப்போர் சுழற்கட்டளையின் தலையிலேயே புள்ளியிட்டுக் கணினியை ஓயாச் சுழலில் ஆழ்த்துவர். மொழிப்பாடம் இவரைத் தமிழார், உருதார் எனப் பிரிக்குமேனும் அரைப்புள்ளியில் இருசாராரும் ஒன்றுபடுவர்.

2. ஈரநீலர். மூன்று, நான்காம் பருவத்தார். இவர்மேல் ஏறும் நீலம் நிலுவை. 'அரியர்' என்பது ஊர் வழக்கு. அது நால்வகைப்படும்.

(அ) தன்னிலுவை: தான் படியாமையான் வருவது.

(ஆ) சார்நிலுவை: தேர்வறையில் முன்னிருந்தான் படியாமையான் வருவது. இதில் பிழை இருவர் தாளிலும் ஒரே இடத்தில் நிற்கும்.

(இ) துணைப்பாட நிலுவை: கணக்கான் வருவது. கணினித் தாளில் தொண்ணூறு பெற்றானும் வகைக்கெழுவில் வீழ்வான்.

(ஈ) தொடர்நிலுவை: பருவந்தோறும் தானே வந்து முன் நிற்பது. இஃது ஏனை மூன்றனுள் எதுவும் ஆகலாம் ஆதலின் தனிவகை அன்று என்பார் ஒருசாரார். அவர் ஒரு நிலுவையும் வைத்தறியார் ஆதலின் அவர் கூற்றுக் கொள்ளப்படாது.

3. உலர்ந்தோர். ஐந்தாம் பருவத்தார். ஆய்வகக் குறிப்பேடு எழுதிக் காய்ந்தவர். மிகக் குறைவாகப் பேசுவர்; இவரைப் பற்றிப் பேசத்தக்கதும் குறைவே.

4. முடிப்பர். ஆறாம் பருவத்தார், இறுதிப்பணி செய்வோர். இறுதிப்பணி எதுவாயினும் அதன் பெயர் 'மேலாண்மை' என்னும் ஈறு பெறும்: நூலக மேலாண்மை, விடுதி மேலாண்மை, மருந்துக்கடை மேலாண்மை. முடிப்பர் ஆக்குவோர், வாங்குவோர், பெயர்மாற்றுவோர் என மூவகையர். ஆக்குவோர் அருகினர். வாங்குவோரைப் பற்றி விலையன்றி வேறு கூறுவதற்கில்லை.

பெயர்மாற்றுவோரை விரித்துரைப்பாம். இவர் அண்ணன்மார் செய்துவைத்த விடுதி மேலாண்மையைப் பெற்றுத் தோற்கிடங்கு மேலாண்மை ஆக்குவர். அறை எண் இருந்த இடத்தில் தோல் எண் அமையும். பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் விலைபோவது ஆதலின், வாடகை இருந்த இடத்தில் அடிவிலை அமையும். 'தங்கும் நாள்' என்னும் கட்டம் மட்டும் கண்ணிற்படாது அவ்வாறே நிற்கும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதனைச் சுட்டி வினவுவார். வாய் திறவாது நிற்பான் கடை. கணினிமேற் பழி போடுவான் இடை. "கிடங்கில் தோல் தங்கும் நாள், ஐயா" என்பான் முதல். அவனுக்கு மதிப்பெண் மறுத்தல் முறையன்று.

இவ்வளவும் இன்றைய பாடம். மாணாக்க, நிலுவையின் நால்வகையையும் நாளை முதல் மணியில் பாராது ஒப்புவி; சார்நிலுவைக்கு எடுத்துக்காட்டுக் கூறுங்கால் முன்னிருப்பான் பெயரைச் சொல்லற்க.