கழற்றிய சட்டையின் இருப்பிடம்: சுள்ளிக்கல்–குருவாயூர் தடத்தை முன்வைத்து ஒரு கள ஆய்வு

முன்னுரை

கோயிலைப் பற்றி ஆராயாதவர் இல்லை. கோபுரத்தை அளந்தவர்கள் உண்டு. கல்வெட்டைப் படியெடுத்தவர்கள் உண்டு. தேர்ச் சக்கரத்தின் ஆரக்கால்களை எண்ணியே பட்டம் வாங்கியவர்களும் இருக்கக்கூடும். ஆனால் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டிய கோயிலில், சட்டைப்பையில் இருந்த சாமான்கள் என்ன ஆகின்றன என்ற கேள்வியை ஒருவரும் தொடவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். எல்லா ஆய்வுக் கட்டுரைகளின் நோக்கமும் இடைவெளியை நிரப்புவதுதான். சில இடைவெளிகள் காலியாகவே இருந்திருக்கலாமே என்று படித்து முடித்தபின் தோன்றினால் அதற்கு ஆய்வாளர் பொறுப்பல்ல.

தூண்டுதல் ஒன்று உண்டு. ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர் 'பயணம் என்றால் என்ன' என்று வரையறுக்கத் தொடங்கினார். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வரையறுத்துக்கொண்டே இருந்தார். பயணம் கிளம்பவேயில்லை. எங்கள் வீட்டு நடைமுறைக்கும் தமிழாய்வுக்கும் உள்ள உறவு எனக்கு அன்றுதான் புலப்பட்டது.

ஆய்வுக்களம்

சுள்ளிக்கல் என்பது தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே உள்ள ஊர். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்து, கொச்சித் துறை திறந்தது என்பது மரபு. ஆக, வெள்ளம் வராவிட்டால் கொச்சி இல்லை. கொச்சி இல்லாவிட்டால் மட்டாஞ்சேரியில் மிளகு மண்டி இல்லை. மண்டி இல்லாவிட்டால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என் தாத்தா கணக்கெழுத வந்திருக்கமாட்டார். குருவாயூரில் நான் சட்டையைக் கழற்றியிருக்கவும் மாட்டேன். இதற்குத்தான் வரலாற்றுப் பின்புலம் என்று பெயர்.

குருவாயூர் சுள்ளிக்கல்லிலிருந்து எண்பதுக்கு மேல், தொண்ணூறு கிலோமீட்டருக்குள். அது 1956 நவம்பர் 1 வரை மதராஸ் மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சுள்ளிக்கல்லோ பழைய கொச்சி ராஜ்யம். இச்செய்தியைக் காரில் சொன்னபோது கிடைத்த எதிர்வினை: "அப்பம் அது நம்ம மெட்ராஸ்லதானல இருந்திருக்கு? வரிசையில நம்மள முன்னால விடப்படாதா?" (அத்தை, நேர்ப்பேச்சு.)

புறப்பாடு

ஐந்து மணிக்குக் கிளம்புவதாக முடிவாயிற்று. ஏழு இருபதுக்குக் கிளம்பினோம்.

வழி

இடப்பள்ளி, வராப்புழை, வட பரவூர், கொடுங்கல்லூர், சாவக்காடு. பரவூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்றொரு ஊர் இருக்கிறது. 2007 முதல் அங்கே அகழ்ந்து ரோமானிய ஜாடிகளின் ஓடுகளை எடுத்திருக்கிறார்கள். இதுவே முசிறி என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று இன்னொரு கட்சி. இரு கட்சியாரும் அன்று எங்கள் காரில் இருந்து, 'எனக்கு அவசரமா வருது' என்று சின்னவன் சொன்னதைக் கேட்டிருந்தால், குறைந்தது ஓர் இடத்தையாவது ஒருமனதாக அடையாளம் கண்டிருப்பார்கள்.

கொடுங்கல்லூரில் கண்ணகியைப் பற்றி மைத்துனர் பேசினார் (பின்னிருக்கை உரைகள், தொகுதி 2. தொகுதி 1 வராப்புழைப் பாலத்தின்மேல் கண்ணாடி இறக்கியிருந்தபோது காற்றில் போயிற்று, பிரதி கிடைக்கவில்லை).

காலணி

காரிலேயே கழற்றிவிட்டோம்.

சட்டை

இனி ஆய்வுப் பொருள். நான் அணிந்திருந்தது வெள்ளைச் சட்டை. ஃபோர்ட்கொச்சி வெளியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் நடத்தும் தோபிகானாவில் கல்லில் அடித்து, கஞ்சி போட்டு, கொடியில் காயவைத்து, கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுத்தது. மடிப்பில் விரலை வைத்தால் விரல் அறுபடும். காலர் தானாகவே நிற்கும். இவ்வளவு பாடுபட்டு விறைப்பாக்கிய சட்டையை இரண்டு மணிநேரக் கார்ப் பயணத்தில் கசக்கி, கோயில் வாசலில் கழற்றிவிடுகிறோம். குருவாயூரப்பன் அதைப் பார்ப்பதேயில்லை.

ஏன் கழற்றவேண்டும்? முன்னாய்வுகள் பல. கருவறையிலிருந்து கிளம்பும் ஆற்றல் தடையின்றி நெஞ்சில் படவேண்டும் என்பது ஒன்று (பெரியம்மா, வாட்சாப் குரல்பதிவு, 4 நிமிடம்; முதல் 3 நிமிடம் குக்கர் விசில்; முடிவில் 'பாலை இறக்கு' என்பது இடைச்செருகல்). மைத்துனர் இதை வழிமொழிந்தார். "அப்ப பொம்பளைங்களுக்கு அந்த ஆற்றல் வேண்டாமா மாமா?" என்று என் மகள் கேட்டாள். மைத்துனர் கண்ணாடியை இறக்கிக் கொஞ்சநேரம் தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

2024 டிசம்பர் 31 அன்று சிவகிரி தீர்த்தாடன மாநாட்டில் மடத்தின் தலைவர் சுவாமி சச்சிதானந்தா இதற்கு நேரடியான விளக்கம் கொடுத்தார்: மார்பில் பூணூல் கிடக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்த வழக்கம், இதை நிறுத்தவேண்டும். மேடையிலிருந்த முதல்வர் பினராயி விஜயன் ஆமோதித்தார். நாயர் சர்வீஸ் சொசைட்டியின் பொதுச்செயலாளர் எதிர்த்தார். சில வாரங்கள் கேரளமே சட்டையைப் பற்றிப் பேசியது. குருவாயூரில் இந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் கனம் அதிகம். 1931 நவம்பர் 1-இல் ஆலயப் பிரவேச சத்தியாகிரகம் தொடங்கிய நடை இது. இந்துக்கள் எல்லோருக்கும் கதவு திறக்க 1947 ஆயிற்று. அதுவரை சட்டையைக் கழற்றினாலும் உள்ளே போகமுடியாதவர்கள் வாசலில் நின்றிருக்கிறார்கள். இந்தப் பத்தியில் ஆய்வாளருக்கு விளையாட்டு வரவில்லை. அடுத்த பத்திக்குப் போகலாம்.

பை: சொல்லாராய்ச்சி

'பாக்கெட்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'பொக்கண'த்திலிருந்து போனதே என்று எவரேனும் நிறுவுவார். இன்னும் நிறுவவில்லை என்றால் விரைவில் நிறுவுவார். பையைச் சுமப்பதால்தான் 'பையன்' என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கைதட்டல்களைக் கட்டுரை முடிவில் ஏற்றுக்கொள்கிறேன். 'மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்' என்ற பழமொழி பிறந்த காலத்தில் தமிழனுக்குச் சட்டைப்பை இல்லை என்பது தேற்றம். அன்று வெற்றிலையும் காசும் வேட்டி மடிப்பில் இருந்தன. பாட்டிமாருக்குச் சுருக்குப்பை இருந்தது. இன்று வேட்டியின் ஓரத்தில் ஒட்டுப்பட்டி தைத்துவிட்டார்கள். மடிக்கும் வித்தை போயிற்று. வேட்டி மட்டும் கட்டி நிற்கும் நவீன ஆணின் உடம்பில் ஒரு நாணயத்தை வைக்க இடமில்லை. இந்நிலையில் அவனிடம் இருப்பவை: பர்ஸ், செல்போன், மூக்குக்கண்ணாடி உறை, பிரஷர் மாத்திரை, பேனா (எதற்கென்று தெரியாது), வழிபாட்டு ரசீது. செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. மாத்திரைக்கு உண்டு. வைக்கத்தான் இடமில்லை.

ஐந்திணைப் பகுப்பு

எதைக் கண்டாலும் ஐந்திணைக்குள் அடைப்பது நம் துறையின் தொல்பழக்கம். பேருந்து நிலையத்தையும் கணிப்பொறியையும் அடைத்தவர்கள் இருக்கும்போது சட்டையை விட்டுவைப்பது முறையல்ல.

குறிஞ்சி: சட்டையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொள்ளுதல். உரிப்பொருள் புணர்தல். கும்பிடக் கை இராது.

முல்லை: காரிலேயே விட்டுவிட்டு, திரும்பும்வரை அது பத்திரமாக இருக்கும் என்று ஆற்றியிருத்தல்.

பாலை: ஏதோ ஒரு தூண் ஓரத்தில் வைத்து, பிரிதல்.

கைக்கிளை: வரிசையில் முன்னால் நிற்பவர் தோளில், அவரறியாமல் நம் சட்டைக் கை விழுந்து கிடத்தல். பெருந்திணை: இடுப்பில் கட்டிக்கொள்ளுதல். பொருந்தாக் காமம் என்பார்கள்; கண்ணாலேயே தெரிகிறது.

மருதம் மட்டும் விரிவான பரிசீலனைக்கு உரியது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அதாவது, மனைவியின் கைப்பையில் திணித்தல்.

"இந்தா, இதை மட்டும் வச்சுக்கோ" என்ற தொடரில் 'மட்டும்' என்பதன் பொருள் ஆராயத்தக்கது. முதலில் நீட்டியது பர்ஸ். பிறகு கண்ணாடி உறை. பிறகு மைத்துனரின் பர்ஸ். பிறகு மாமாவின் பல்செட் டப்பா. ஒவ்வொன்றும் 'மட்டும்' என்றே வந்தது. கைப்பைக்குள் ஏற்கெனவே இருந்தவை: சீப்பு, தண்ணீர்ப் புட்டி, சின்னவனுக்கு மாற்று நிக்கர், ஈரத்துணி, மூன்று ஆரஞ்சு, அத்தையின் துளசி மாலைக்குச் சில்லறை, வீட்டுச் சாவி, பக்கத்து வீட்டுச் சாவி. "என் தோள்ல கழுதைன்னு எழுதி ஒட்டிடுங்க" என்றாள். இதை வாயில் மறுத்தல் என்னும் துறையாகக் கொள்ளலாம். அவள் இன்னொன்றும் சொன்னாள்: "பொம்பளைங்க டிரஸ்ல பாக்கெட் வைக்கமாட்டாங்க, உங்க டிரஸ்ல நாலு வைப்பாங்க, கடைசில நாலும் வந்து விழறது எங்க பையில." இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு முனைவர் பட்டம் இருக்கிறது. எடுத்துக்கொள்ள விரும்பும் மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நெறியாளர் பெயரை முதலில் போட மறக்கவேண்டாம், அப்படித்தான் வழக்கம்.

மருதம் முறிந்தபின் மிஞ்சியது முல்லை. எங்கள் வாடகைக் காரின் ஓட்டுநர் மட்டாஞ்சேரிக்காரர். இக்கா என்போம். இந்து அல்லாததால் அவரால் கோயிலுக்குள் வரமுடியாது. ஆனால் நடை எப்போது திறக்கும், எப்போது சாத்தும், நிர்மால்யத்துக்கு மூன்று மணிக்கு எங்கே நிற்கவேண்டும், மூத்த குடிமக்கள் வரிசை எந்தப் பக்கம், முகூர்த்த ஞாயிற்றில் ஏன் வரக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 2024 செப்டம்பர் 8-இல் இந்த ஒரு சன்னிதியில் கல்யாண முன்பதிவு 350-ஐத் தாண்டியபோது, அவர் காரை நிறுத்த இடம் தேடிச் சாவக்காடு வரை போய்விட்டாராம் (இக்கா, ஓட்டுநர் இருக்கை மரபு, தோப்பும்படி ஸ்டாண்டு வாய்மொழிப் பாடத்தில் 'குன்னங்குளம் வரை' என்று பாடபேதம், மூன்றாவது பாடம் ஒன்றில் கார் திரும்பவேயில்லை, மைத்துனர் இவற்றை ஒப்பிட்டு மூலபாடம் ஒன்றை நிறுவியிருக்கிறார், அதில் காரே இல்லை).

"சாரே, ஷர்ட்டு இங்ஙு தந்நேக்கு" என்று கையை நீட்டினார். மூன்று சட்டைகளையும் கொடுத்தோம். முன் இருக்கையின் முதுகில், காலர் மடங்காமல், ஒவ்வொன்றாக மாட்டினார்.

நெய்தல்

உரிப்பொருள் இரங்கல். வரிசையில் இரண்டரை மணிநேரம் நின்று, தரிசனம் முடித்து, பால்பாயசம் வாங்கும் இடத்துக்கு வந்தோம். ரசீதைக் கேட்டார்கள். என் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. அங்கே மயிர்தான் இருந்தது.

ரசீது சட்டைப்பையில். சட்டை காரில். கார் எங்கே நிற்கிறது என்று கேட்கச் செல்போன் வேண்டும், அதுவும் காரில். இக்காவின் எண் யாருக்கும் நினைவில்லை. எழுதி வைத்திருக்கிறேன், செல்போனில். "பேரும் நட்சத்திரமும் சொன்னா தரமாட்டாங்களா?" என்று அத்தை கேட்டாள். கேட்டுப் பார்த்தோம். தரமாட்டார்கள்.

வெற்று மார்போடு கிழக்கு நடைத் தெருவுக்கு ஓடினேன். வளையல் கடை, மாலைக்கடை, கண்ணன் பொம்மைக் கடை. அவற்றுக்கு அப்பால், கோயில் எல்லைக்கு வெளியே, இடது முன்கையில் மூன்று சட்டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு இக்கா நின்றிருந்தார். நேரமாகிறதே என்று பார்க்க வந்தாராம். அவர் இடுப்பில் அகலமான பச்சை பெல்ட். அதில் பொத்தான் வைத்த பை. ஆய்வாளன் அரைநாளாகத் தேடியதை அவர் முப்பது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பதற்றத்தில் சட்டையை வாங்கி மாட்டினேன். பை கனத்தது. ரசீது இருந்தது. நாலு எட்டு நடந்தபின்தான் உறைத்தது, சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள். திரும்பி வந்து கழற்றி அவரிடம் நீட்டிவிட்டு, மறுபடி ஓடினேன்.

பாயசக்காரர் கையை நீட்டினார். என் கை நெஞ்சுக்குப் போயிற்று.