முகவரி மாறிய பெட்டி

நீலப்பறவைக்கென்று மரப்பெட்டி செய்து மாமரத்தில் கட்டினேன். இரண்டு மாதமாக ஒரு நீலப்பறவையும் எட்டிப் பார்க்கவில்லையே?
– வாசகர், மாக் மண்டின், பினாங்கு

பெட்டி சரி, முகவரிதான் தவறு. பெட்டியில் குடியேறும் நீலப்பறவை வட அமெரிக்காவில் வாழ்வது. நம் காட்டு நீலப்பறவை மரக்கிளையில் தானே கிண்ணம்போலக் கூடு கட்டிக்கொள்ளும். விடிகாலையில் உங்கள் வேலியில் பாடுகிறதே முராய், நம் குண்டுகரிச்சான், பொந்து தேடுவது அதுதான். அதற்காகப் பெட்டியை அங்கேயே விட்டு வையுங்கள்.

வாசலில் பறவை உட்கார ஒரு குச்சி வைத்திருக்கிறேன். அழகாக இருக்கிறது!

யாருக்கு அழகு? பொந்தில் வாழும் பறவைக்குத் திண்ணை வேண்டாம். குஞ்சைத் திருட வருபவனுக்குத்தான் அது வசதி. பிடுங்கிவிடுங்கள். அடிப்பலகையில் நாலு சிறு துளை போடுங்கள். பினாங்கு மழைக்கு அது அவசியம். உள்ளே சாயம் பூச வேண்டாம். பலகை சொரசொரப்பாக இருந்தால்தான் குஞ்சு நகத்தால் பற்றி ஏறும்.

பெரிய பெட்டி வைத்தால் கூகை வந்துவிடுமாம். வீட்டுக்கு ஆகாது என்கிறார் பாட்டி.

ஆகாதது எலிக்கு! மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் எலியை அடக்கக் கூகைக்கென்றே கம்பம் நட்டுப் பெட்டி வைக்கிறார்கள். பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்திலும் ஆய்வாளர்கள் கூகைக்குப் பெட்டி வைத்தார்கள். பெட்டிக்கடியில் கூகை கக்கிப் போட்ட கருப்பு உருண்டையைப் பிரித்துப் பாட்டியிடம் காட்டுங்கள்: எலி மயிர், எலி மண்டையோடு.

ஒரு வேண்டுகோள். கூகை வந்துவிட்டால் எலிப்பாஷாணம் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகலாம்.