மருதத்திணையில் கண்ணாடி ஏறாமை: ஓர் ஆய்வு

தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் யானைக்குக் கஜ சாஸ்திரம் இருக்கிறது. குதிரைக்கு அசுவ சாஸ்திரம் இருக்கிறது. அம்பாசிடர் காரின் முன்கதவுக் கண்ணாடி பாதி ஏறி நின்றுகொண்டால் என்ன செய்வது என்பதற்கு ஓர் ஏட்டுத் துணுக்கைக்கூட முன்னோர் விட்டுச் செல்லவில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் 1832-லேயே காலமாகிவிட்டபடியால் அவர்மேல் குற்றமில்லை. அவருக்குப் பின் வந்த புலமை உலகத்துக்கு அந்தச் சலுகையைத் தர இயலாது. இந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள், என் சித்தப்பாவின் வெள்ளை அம்பாசிடர். ஆய்வுக் களம், திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் இடைப்பட்ட சாலைகள். ஆய்வுக் காலம் ஐப்பசி. குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் மாதம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் சாயலில் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்து, 2014 வரை ஏறக்குறைய அதே முகத்தோடு வெளிவந்த வண்டி இது. சித்தப்பா வாங்கியபோது கண்ணாடி இறக்க அதற்கு ஒரு கைப்பிடிதான் இருந்தது. மோட்டார் பிறகு வந்தது. சுவடியியலார் பேச்சில் சொன்னால் இடைச்செருகல். கடையில் செட்டாக விற்றதை வாங்கி, உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் செருகியது. அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி 1940-லேயே எண்ணெய் அழுத்தத்தால் கண்ணாடி ஏறி இறங்கும் கார்களை விற்றது. அந்த நாகரிகம் குடமுருட்டிக் கரைக்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்பது தனி ஆய்வு.

சித்தப்பா அதை ஏன் செருகவைத்தார் என்பதே முதல் கேள்வி. வண்டியில் ஏசி கிடையாது. எனவே கண்ணாடியை ஏற்ற மழையைத் தவிர வேறு முகாந்திரம் இல்லை. இறக்கத்தான் ஆயிரம் முகாந்திரம். வரப்பில் நிற்பவரிடம் மடையடைத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் யார் செத்தது என்று விசாரிக்க வேண்டும். எவ்வளவு இறக்கம், அவ்வளவு உறவு என்பது இவ்வாய்வின் முதல் முடிபு. கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் நாலு விரல். பங்காளிக்குப் பாதி; பேச்சு கேட்கும், கை உள்ளே வராது. சம்பந்திக்கு முழு இறக்கம், கூடவே முழங்கையும் கதவின்மேல் வந்து உட்காரும். கைப்பிடிக் காலத்தில் இந்த நுட்பமெல்லாம் கைகூடவில்லை. குனிந்து தோளை ஆட்டி, ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறவர்போல் சுற்றும் ஆளிடம் யாருக்கு மரியாதை வரும்? பொத்தானில் அந்தத் தொல்லை இல்லை. முகம் சாலையைப் பார்த்தபடியே இருக்க, கண்ணாடி மட்டும் தானாக இறங்கும். நில உச்சவரம்பு வந்து மிராசு போன பிறகும் மிராசுத் தோரணைக்கு மிஞ்சியிருந்த கருவி அது. அதனால்தான் அது நின்றபோது வீட்டில் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள்.

இனி நோயின் குறி. கண்ணாடி பாதிவரை ஏறும், நிற்கும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் முனகல்கூட வராது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் ஏறும். மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்று பள்ளியில் படித்தவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனாலும் ஆய்வு என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். மோட்டாருக்குள் ஒரு சிறு வெப்பக் காவல் இருக்கிறது. சுமை கூடி, மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துச் சூடேறினால், அது ஓட்டத்தைத் தடுத்துவிடும், ஆறியதும் வழிவிடும். சுருள் கருகாமலிருக்கச் செய்த ஏற்பாடு. மருதத்துக்கு வைகறையைச் சிறுபொழுதாக வகுத்த இலக்கணக்காரரின் கூர்மையை இங்கே மெச்சத்தான் வேண்டும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த மோட்டார் வைகறையில் குறையில்லாமல் ஓடியது. தூறலுக்கு ஏற்றி, டீக்கடைக்கு இறக்கி, மறுபடி தூறலுக்கு ஏற்றி என்று பகல் போகப் போகத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஊடல் தீர்க்கப் பாணனையும் விறலியையும் வாயிலாக அனுப்புவது மரபு. சித்தப்பா மெக்கானிக்கை வரவழைத்தார். அதற்குள் திண்ணையில் கட்சிகள் பிரிந்துவிட்டன. மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் ஒயர் கட்சி. கதவும் தூணும் சேருமிடத்தில், ரப்பர் குழாய்க்குள், திறந்து மூடித் திறந்து மூடி ஒயர் அறுந்துபோகும் என்றார். நடக்கக்கூடியதே. ஆனால் அறுந்த ஒயர் தினமும் வைகறையில் மட்டும் ஒட்டிக்கொள்ளாது என்பதால் அது தள்ளப்பட்டது. சுவிட்ச் கட்சியை டெஸ்ட் லேம்ப் முடித்துவைத்தது. மெக்கானிக் எந்தக் கட்சியும் கேட்காமல் தீர்ப்பு சொன்னார்.

“மோட்டார் போயிருச்சுங்கய்யா. மாத்திரலாம்.”

“காலையில ஓடுதேப்பா?”

“காலையில எதுதாங்கய்யா ஓடாது?”

இந்த வாதத்துக்கு மறுப்பு இன்றுவரை எழுதப்படவில்லை. விசாரணை இல்லாமல் கோவலனைக் கொன்ற கதை தெரிந்த நாட்டில் மோட்டாருக்கும் அதே கதிதான். காரணம் இருக்கிறது. மோட்டார் பெட்டியில் வரும், அதற்கு விலை உண்டு, மாற்றினேன் என்று நாலு பேரிடம் சொல்லலாம். கண்ணாடி ஓடும் சேனல் ரப்பர் அடிக்கணக்கில் வெட்டித் தருவது. அதன்மேல் பழி போட்டு என்ன பெருமை?

புதிய மோட்டார் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பார்சலில் வந்தது. இடக்கதவுக்கு உரியது. இட மோட்டாரும் வல மோட்டாரும் கண்ணாடியில் பார்த்த பிம்பம்போல் மாறியிருக்கும், ஒன்று மற்றதன் இடத்தில் உட்காராது. திருப்பி அனுப்பி, வலக்கதவுக்கு உரியது வரும்வரை ஆய்வு ஒத்திவைக்கப்பட்டது.

கதவைத் திறந்த நாள் முக்கியமானது. மெக்கானிக் விடிகாலையில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, பிரேமோடு சேர்த்து அகலமான டேப்பை ஒட்டி நிறுத்தினார். இது சடங்கு அல்ல. மோட்டாரின் தண்டில் இருக்கும் திருகுப்பல் பல்சக்கரத்தைச் சுற்றும். பல்சக்கரத்தால் திருகுப்பல்லைத் திருப்பிச் சுற்ற முடியாது. அதனால்தான் ஏறிய கண்ணாடியை மேலிருந்து எவ்வளவு அமுக்கினாலும் இறங்குவதில்லை. மோட்டாரைக் கழற்றினால் அந்தப் பிடி போய்விடும், கண்ணாடி கதவுக்குள் விழும். சித்தப்பா வீட்டில் யார் திருகுப்பல், யார் பல்சக்கரம் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இன்னொன்று: கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரில் சுருள்வில் இருந்தால், பல்வட்டத்தை ஒரு போல்ட் போட்டு அசையாமல் பூட்டிய பிறகே மோட்டாரை உருவ வேண்டும். இல்லாவிட்டால் ரெகுலேட்டரின் கைகள் விசையோடு பாய்ந்து விரலை நசுக்கிவிடும். கட்டுரையில் இந்த ஒன்றை மட்டும் வாசகர் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்க்ரூக்களைக் கழற்றி டோர் பேடை ஓரம் ஓரமாக நெம்பினார். கிளிப்புகளில் பாதி கதவிலேயே தங்கின. உள்ளே ஒட்டியிருந்த பாலிதீன் தாள் கிழிந்து தொங்கியது. கதவின் அடியில் விரற்கடை அளவு கறுத்த சேறு, அதில் உமி, வைக்கோல் துணுக்கு, ஒரு பஸ் டிக்கெட். சேற்றிலிருந்து, வெளிச்சம் படாமல் வெளிறிப்போய், நாலைந்து நெல் நாற்றுகள் எழுந்து நின்றன.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் பேசினார்கள். மழைநீர் வெளியேறக் கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் உமியால் அடைபட்டிருந்தன; தண்ணீர் தேங்கியது. விதை எங்கிருந்து? சித்தப்பாவேதான். களத்தில் நிற்பவர் கைப்பிடி நெல்லை அள்ளி ஜன்னல் வழியாக நீட்டுவார். சித்தப்பா ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, காய்ச்சல் போதாது என்பார். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டை திரும்பிவிடும் அல்லவா, ஆகவே இந்தக் கடிக்கு ஊரில் மதிப்பு உண்டு. கடித்தது போக மீதி நெல் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இறங்கும். இது என்ன ரகம், ஆடுதுறை 43-ஆ என்று சித்தப்பா ஒரு நாற்றைக் கையிலெடுத்து ஆராயத் தொடங்கியதால் மோட்டார் சற்று நேரம் மறக்கப்பட்டது.

உண்மைக் குற்றவாளி மேலே இருந்தது. அறுவடைக் காலத்தில் டெல்டாவில் சாலைதான் களம். தார்ச்சாலையின் பாதியில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். மீதிப் பாதியில் வண்டி போகும். கதிரறுக்கும் மெஷின் கக்கிய தூசி மேலே மிதக்கும். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்துச் சாம்பலைப் பார்த்தால் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. அந்தத் தூசி சேனலின் வெல்வெட்டில் ஏறி, மழையில் ஊறி, வெயிலில் இறுகி, கண்ணாடியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் விரல்நகத்தால் சுரண்டியபோது சேனலிலிருந்து வந்தது வெல்வெட் அல்ல, அடை.

பழைய மோட்டாரைக் கீழே வைத்து பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தோம். சுற்றியது. ஒயரை மாற்றிக் கொடுத்தோம். எதிர்த்திசையில் சுற்றியது. மெக்கானிக் அசரவில்லை.

“கழட்டி வெச்சா ஓடத்தாங்கய்யா செய்யும்.”

ஆகவே புதிய மோட்டார் பொருத்தப்பட்டது. கூடவே, என் வற்புறுத்தலால், புதிய சேனலும். ஒயர் மாறிப்போய், ஏற்றும் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இறங்கியது. கப்ளரில் இரண்டு முனைகளை மாற்றியதும் சரியாயிற்று. பிறகு கண்ணாடி ஒரே மூச்சில் ஏறியது. இது மோட்டாரின் வெற்றி என்று மெக்கானிக்கும், சேனலின் வெற்றி என்று நானும் கொண்டோம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிய சோதனையிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று ஒயர் கட்சி மாமா சொன்னது முறையியல் நோக்கில் சரி என்பதால் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. பெரிய கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய், அந்த நெய்க்கு 96 ஆடு என்று ராசராசன் காலத்துக் கல்வெட்டு கணக்கு வைத்திருக்கிறது. அம்பாசிடரின் சேனலுக்கு யாரும் ஓர் ஆட்டைக்கூட நேர்ந்துவிடவில்லை. ஆடு வேண்டாம், நெய்யும் வேண்டாம். கிரீஸும் கூடாது, தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். குறுவை முடிந்ததும் ஒருமுறை, சம்பா முடிந்ததும் ஒருமுறை சேனலைத் துடைத்து சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் போதும். அடி ஓட்டைகளில் ஈர்க்குச்சி விட்டுக் குத்த வேண்டும்.

மெக்கானிக் கொடுத்த பில்லில் மோட்டார், சேனல், கிளிப், கூலி என்ற வரிகளுக்குக் கீழே தனியாக ‘தூர் வாரியது’ என்று ஒரு வரி இருந்தது. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறக்கிறார்கள் என்றால் அதற்கு முன் வாய்க்கால் தூர்வாரிய கணக்கை ஊர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறது. சித்தப்பா மோட்டார் விலைக்கு முக்கால் மணி நேரம் பேரம் பேசினார். இந்த வரியை மட்டும் விரலால் தொட்டு, “நடந்ததை நான் கண்ணால பாத்தேன், இதுக்குக் குறைக்க வேணாம்” என்று எண்ணி வைத்தார்.