போர்ட்டை மூடினால் டோரண்ட் நிற்குமா?

கேள்வி: விடுதி நெட்வொர்க்கில் 6881 முதல் 6889 வரை போர்ட்டுகளை மூடிவிட்டேன். டோரண்ட் இன்னும் ஓடுகிறதே, சார்?

பதில்: ஓடத்தான் செய்யும். அவை பிட்டோரண்டின் பழைய விலாசம். இப்போது அது 443-இல்கூடக் குடியேறிவிடும். விலாசத்தை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள். அப்ளிகேஷனை அறியும் ஃபயர்வால் செய்வது அதைத்தான். பிட்டோரண்ட் இணைப்பு தொடங்கும்போது முதல் பைட்டின் மதிப்பு 19. அடுத்து, ஆங்கிலத்தில் இடைவெளி சேர்த்துச் சரியாக 19 எழுத்துகளில் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும். இப்படி வாய்விட்டுச் சொல்பவரை எந்த போர்ட்டிலும் மடக்கலாம்.

என்க்ரிப்ஷன் போட்டு வந்தால் பெயர் கேட்காது. ஒரே கணினி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான முகவரிகளோடு பேசுகிறதா என்று நடத்தையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் யாருடைய ஆன்லைன் வகுப்போ அறுந்துபோகும், பாவம். அதனால் சந்தேகத்துக்குரியதை வெட்டாதீர்கள். வேகத்தை மட்டும் குறையுங்கள்.

மாணவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணையச் சேவை நிறுவனம் போலி ரீசெட் பாக்கெட் அனுப்பி டோரண்டை ரகசியமாக அறுத்தது 2007-இல் அம்பலமாகி, பெரும் ரகளையானது. டோரண்டில் லினக்ஸ் ஐஎஸ்ஓ இறக்கும் பிள்ளைகளுக்கு உள்ளூர் சர்வரிலேயே ஒரு பிரதி வைத்துக் கொடுங்கள்.